கேள்வித்தாளில் திருநீறு

அரிமளம்,
ஞாயிற்றுக்கிழமை.

தம்பி கவியரசனுக்கு,

மீமிசலில் நீயும் உன் வீட்டாரும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இங்கே யாரும் சுகமாக இல்லை. என் போனை நீ எடுப்பதில்லை என்பதால் எழுதுகிறேன். உன் ஐஸ் கம்பெனி வண்டி ஓட்டும் ஜெபக்குமார் நாளை இங்கிட்டு வருகிறானாம், அவனிடம் கொடுத்தனுப்புவேன். கோபத்தில் கிழித்துப் போடாதே. கோபப்பட வேண்டியவன் நான்.

நீ செய்தது என்னவென்று உனக்கு இன்னும் விளங்கவில்லை. "ஒரு காயிதத்துல திருநீறு பட்டதுக்கு, படிச்ச திமிருல அண்ணன் குதிக்கிறாரு" என்று பங்காளிகளிடம் சொல்லித் திரிகிறாயாமே. அதனால் பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன், கேள்.

சத்யா எழுதியது பொருளியல் முனைவர் பட்ட ஆய்வு மாணவர்களுக்கான தகுதித் தேர்வு. தேறினால் ஆய்வைத் தொடரலாம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேர வேண்டியதுதான். கேள்வித்தாளை மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரம் வீட்டிலேயே உட்கார்ந்து, எந்தப் புத்தகத்தையும் புரட்டி எழுதலாம்; அதனால்தான் இங்கே வந்து எழுதினாள். காவலுக்கு ஆள் கிடையாது. மாணவரின் நாணயத்தை நம்பி விட்டுவிடுகிறார்கள். கேள்விகளை வேறு யார் கண்ணிலும் காட்டக் கூடாது என்பது ஒன்றுதான் நிபந்தனை. அவளுடன் படிக்கும் மற்றவர்கள் வேறு வேறு வாரங்களில் அதே கேள்விகளுக்குத்தான் எழுதப் போகிறார்கள்.

அதே பொருளியலில் பட்டம் வாங்கிய நான், பெற்ற தகப்பன், அந்த அறைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவளைப் பெற்ற சொர்ணமும் சாப்பாட்டைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வந்தாள். நீ மட்டும் செருப்பை உதறிவிட்டு நேரே உள்ளே போனாய். "தாயி, ஹால் டிக்கெட்டக் கொடு, கருப்பர் காலடியில வச்சு எடுத்தாறேன்" என்றாய். "இந்தப் பரீட்சைக்கு ஹால் டிக்கெட்டே கெடையாது சித்தப்பா" என்று அவள் சிரித்தாள். "டிக்கெட்டு இல்லாத பரீட்சையா? அப்ப சாமிக்கிட்ட எதக் காட்டுறது? கேள்வித்தாளையாச்சும் கொடு" என்றாய். அது வெளியே போகக் கூடாது என்று அவள் சொன்னது கூடத்தில் இருந்த என் காதிலேயே விழுந்தது. உன் காதில் விழவில்லை.

அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, அச்செடுத்து வைத்திருந்த தாளை மேசையிலிருந்து எடுத்துப் போய்விட்டாய். திருநீறு பூசி, எலுமிச்சம்பழம் வைத்து, அரிவாளுக்கு அடியில் சாத்தினாய். அதோடு நின்றிருந்தால் உனக்கும் சாமிக்கும் இடையிலேயே முடிந்துபோயிருக்கும். படம் பிடித்துப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டாய். "நம்ம வீட்டு டாக்டர் பரீட்சை எழுதுது, எல்லாரும் ஆசீர்வாதம் பண்ணுங்க." சென்னையில் இருக்கும் முத்துராமன் தன் பங்குக்கு அதை ஃபேஸ்புக்கில் ஏற்றினான். எலுமிச்சம்பழத்துக்கு மேலே இரண்டு கேள்விகள், கீழே இரண்டு. தலைப்பில் அவளுடைய பதிவெண். ஒன்றும் மறையவில்லை.

அந்தக் கேள்வித்தாளை ரத்து செய்துவிட்டார்கள். அவள் எழுதி அனுப்பிய விடைகளை யாரும் திறக்கவில்லை. வியாழக்கிழமை பதினோரு மணிக்கு விசாரணைக் குழு வீடியோவில் கூடுகிறது. அவள் தெரிந்தே வெளியே விட்டாள் என்று முடிவானால் பெயரை நீக்கிவிடுவார்கள்.

உனக்கு இது புதிதல்ல. என் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வன்று யாரும் கேட்காமலேயே வேன் பிடித்து, ஊர்ச்சனத்தை ஏற்றி வந்து, பல்கலைக்கழக வாசலில் பத்தாயிரம் வாலா வெடித்தாய். உள்ளே நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் காதைப் பொத்திக்கொண்டு, "உங்க ஆளுங்களா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றுவரை நான் மறக்கவில்லை. அன்றும் என்னை யாரும் பாராட்டவில்லை. "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று உன்னைத்தான் பாராட்டினார்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத நீ எங்கே போனாலும் நாற்காலி போடுகிறார்கள். நான் தனியார் கல்லூரியில் இன்னும் ஒப்பந்த ஆசிரியன். போகட்டும்.

போகட்டும் என்று விட முடியாதது ஒன்று இருக்கிறது. விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்குச் சத்யா பதில் அனுப்பிவிட்டாள். எனக்கு நேற்றுதான் காட்டினாள். பூசைக்காகக் கேள்வித்தாளைத் தானே எடுத்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறாள். உன் பெயரே அதில் இல்லை. பொய்! ஏன் இப்படி எழுதினாய் என்று கத்தினேன். "சித்தப்பாவ அத்தனை பேரு முன்னால குற்றவாளி மாதிரி உக்கார வச்சுத்தான் நான் டாக்டராகணும்னா, எனக்கு அது வேணாம்ப்பா" என்கிறாள். சொர்ணமும் அவள் பக்கம். இருபத்தைந்து வருஷமாக அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன் நான். என் பொருட்டு அவள் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

நான் போய்ச் சொன்னால், மகளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறான் என்பார்கள். எடுத்தவன் சொன்னால்தான் எடுபடும். வீட்டார் யாராவது பேசலாமா என்று அவளுக்குத் தெரியாமல் குழுவுக்கு எழுதிக் கேட்டேன். பேசலாம் என்று பதில் வந்திருக்கிறது. அதில் ஒரு பேராசிரியர் தமிழர். நீ இங்கிலீஷுக்குப் பயப்பட வேண்டாம். கோயிலில் பேசுகிற மாதிரியே பேசு. அவள் கொடுக்க மாட்டேன் என்றாள், நான் கேட்காமல் எடுத்தேன் என்று சொல். அவ்வளவுதான் நடந்தது. அவள் குறுக்கே விழுந்து உன்னைத் தடுப்பாள். நீ கேட்காதே. யார் தடுத்தும் நீ கேட்டவனில்லையே, அன்றைக்கும் அப்படியே இரு.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. மன்னிக்கவில்லை. முத்துராமனையும் மன்னிக்கவில்லை. ஆனால் அவள் தேர்வை அனுப்பி முடித்த பிறகு, அந்த விடைகளை வாங்கிப் படித்துப் பார்த்தேன், கவி. மூன்றாவது கேள்விக்கான விடையை இரண்டு தடவை படித்தேன். நான் எழுதிக் கிழித்த அத்தனை பக்கத்திலும் அப்படி ஒரு பக்கம் கிடையாது. இதை அவளிடம் நான் சொல்லவில்லை; எனக்கு வராது. உனக்கு வரும். அந்தத் தாள்களை யாராவது ஒருவர் பிரித்துப் படிக்க வேண்டும்.

புதன்கிழமையே வந்துவிடு. சொர்ணத்திடம் உனக்கும் சேர்த்து உலை வைக்கச் சொல்லியிருக்கிறேன். கருப்பர் உனக்குத் துணை இருக்கட்டும்.

அண்ணன்,
உதயசூரியன்