போனக்காட்டுக்குப் புறப்பட்ட வண்டி

கரி அத்தான்,

அன்று கடைக்குப் போய்வந்து நீங்கள் கழற்றி மாட்டிய நீலச் சட்டை பதினோரு நாளாக அதே ஆணியில் தொங்கியது. கிரீஸ் வாசனை போய்விடுமே என்று நான் தொடவில்லை. இன்று காலை துவைக்க எடுத்துப் பையில் கை விட்டேன். நெயில் பாலிஷ் குப்பி. மூடியைச் சுற்றிய பிளாஸ்டிக்கைக்கூட நீங்கள் கிழிக்கவில்லை.



கல்யாணமான புதிதில் என்னுடைய குப்பியைக் காணோம் என்று வீடெல்லாம் தேடினேன். "நட்டுக்குப் பூசிட்டேன் ஏட்டி, உனக்கு வேற வாங்கித் தாரேன்" என்றீர்கள். கடைசி முறுக்கு முறுக்கிய நட்டில்தான் ஒரு சொட்டு வைப்பீர்கள். சொட்டு இல்லாத நட்டு முடியாத வேலை. பழைய குப்பி காலியானதால், நம் ஷெட்டுக்கு வந்த மலையாளத்து டீச்சர் வண்டிக்கென்று இதை வாங்கிவந்தீர்கள். இது திறக்கவே இல்லை என்றால்?

ஏழு பேர் ஏறுகிற பெரிய வண்டி அது. மலை வளைவில் படகு மாதிரி சாய்கிறது, அம்மா வாந்தி எடுக்கிறாள் என்று டீச்சர் கொண்டுவந்தாள். கம்பெனிக் கம்பியைக் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய தடித்த ஸ்வே பாரை முன்னும் பின்னும் மாட்டினீர்கள். இந்தப் பக்கச் சக்கரத்தையும் அந்தப் பக்கச் சக்கரத்தையும் இழுத்துப் பிடித்து வண்டியைச் சாயவிடாத கம்பி. டார்ச் பிடித்தது நான்தான். "என் மூஞ்சில அடிக்காத ஏட்டி, நான் என்ன சினிமாவா காட்டுதேன்?" என்று அடியிலிருந்து கத்தினீர்கள்.

மத்தியானம் வண்டியை ஜாக்கியிலிருந்து தரையில் இறக்கினீர்கள். தண்ணீர் கேட்டு ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். நான் செம்போடு வந்தபோது சுவரில் சாய்ந்திருந்தீர்கள். வேலை நேரத்தில் என்ன தூக்கம் என்று திட்டினேன். போன உயிரைத் திட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன் அத்தான்.

ஒன்பதாம் நாள் டீச்சர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டியைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. நானே ஷெட்டுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். இரண்டு கம்பியும் மாட்டியிருந்தது. நாலு சக்கரமும் தரையில் நின்றது. "பணி முடிஞ்சு டீச்சரே, எடுத்தோ" என்று சாவியைக் கொடுத்தேன். நான்தான் கொடுத்தேன்.

சட்டையை அப்படியே போட்டுவிட்டு டீச்சருக்குப் போன் செய்தேன்.

"நாங்க விதுரயில சாயா குடிக்கறோம் சேச்சி. மேல போனக்காட்டுக்குப் போகயாணு. அம்மையும் பிள்ளேரும் உண்டு."

"வண்டி எடுக்கண்டா டீச்சரே! நட்டொண்ணும் முறுக்கல. நான் பாக்காம தந்துட்டேன்."

டீச்சர் மெல்லச் சொன்னாள்: "டக் டக்னு ஒரு சத்தம் கேட்டு. புதுக் கம்பி, அதான்னு நினைச்சேன்."

விதுர தாண்டினால் மலைதான். பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஒருவனைக் கூட்டிவந்து போனை அவனிடம் கொடுத்தாள். ஜாக்கி வைத்துத் தூக்கி இப்போதே முறுக்கித் தருகிறேன் என்றான்.

"பொக்கண்டா அண்ணா, தூக்காதீங்க!" என்று கத்தினேன். "தூக்கினா சக்கரம் தொங்கும். அப்ப முறுக்கினா, எறக்கும்போது ரப்பர் பிஞ்சிரும். வண்டி தன் பாரத்தைத் தானே தாங்கி நிக்கட்டும். அடியில கேறி முறுக்குங்க."

"ஓ, சேச்சி பெரிய மேஸ்திரியாணல்லோ! எவிடெயா பணி?"

"வீட்டுல. சோறு வைக்குத பணி."

சிரித்துக்கொண்டேதான் அடியில் போயிருப்பான். கொஞ்ச நேரத்தில் குரல் மாறிவிட்டது. "சேச்சி, இதில் ரெண்டு நட்டு விரலு வெச்சாலே கழலுது."

முன்னால் முடித்தபின் பின்னால் போகச் சொன்னேன். எந்த நட்டு எந்த இடுக்கில் இருக்கிறது என்று சொன்னேன். போல்ட்டின் மேல் நுனியைப் பிடித்துக்கொண்டு கீழ் நட்டைத் திருப்பச் சொன்னேன், இல்லையென்றால் கூடவே சுற்றும். எல்லாம் முறுக்கி முடித்தபின் டீச்சர் போனை வாங்கினாள். "அம்மைக்கு ஒண்ணும் தெரியண்டா சேச்சி" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் அழவில்லை. என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு நானே திகைத்துப்போய் நின்றேன்.

மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். ஒரு ஸ்பேனரைக்கூடத் திருப்பியதில்லை. நீங்கள் அடியில் கிடந்து பேசிக்கொண்டே இருப்பீர்கள். அடுப்பில் உலை என்னாயிற்றோ என்ற நினைப்பிலேயே நான் "ம்" கொட்டுவேன். ஒரு வார்த்தையும் கேட்டதாக நினைவில்லை. இன்று அத்தனையும் உங்கள் வரிசையிலேயே வந்தது, பிசகாமல். "சேச்சிக்கு இது ஆரு படிப்பிச்சு?" என்று அவன் கேட்டான்.

இத்தனை வருஷமாக வண்டிக்கு அடியில் கிடந்து பேசினீர்களே, அது எனக்குச் சொன்னதா அத்தான், இல்லை உங்களுக்கு நீங்களே பேசிக்கொண்டதா?