சில்வி பெருக்கிய கூரை

ஜனவரி 14
வெளியே மூச்சு விட்டால் மூக்கு உறைகிறது. விரல் மூட்டுகளில் இன்னும் வலி, போன ஆகஸ்டில் கொசு தந்த பரிசு. பனியில் கொசு செத்தால் நோயும் சாக வேண்டும்தானே? பிறகு ஒவ்வொரு கோடையும் அந்தக் கிருமி எங்கிருந்து வருகிறது? பறவைகள் கொண்டுவருகின்றன என்கிறார்கள். இங்கேயே தூங்குகிறது என்கிறேன் நான். இந்தக் குளிர்காலத்துக்குள் அதை நிரூபித்துக் காட்டாவிட்டால் என் ஆய்வை மூடிவிடுவார்கள்.

ஜனவரி 17
கண்டுவிட்டேன்! பக்கத்துப் பண்ணைக்காரர் தவுனோவிடம் உருளைக்கிழங்கு வாங்கப் போனேன். கிழங்கு சேமிக்கும் அவர் நிலவறைக் கூரை முழுக்கக் கொசுக்கள், அசையாமல் குளிர்தூக்கத்தில். பிடிக்க ஒரு குழாய்கூட என்னிடம் இல்லை! நாளை மறுநாள் வந்து நிலவறையைப் பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 19
கூரை பளபளக்கிறது. ஒரு கொசு இல்லை. தவுனோவின் மனைவி சில்வி, கையில் காபி, முகத்தில் பெருமை.
“விருந்தாளி வர்ற இடத்துல ஒட்டடை தொங்கலாமா?”
“அந்தக் கொசுவுக்குத்தானே வந்தேன், சில்வி!”
“கொசுவா? எங்க வீட்லயா?”
ஐயோ, என்னத்தச் சொல்ல. கத்தியிருப்பேன். வாய் நிறைய ஏலக்காய் ரொட்டி.
குப்பை எங்கே என்று கேட்டேன்.
“பனியில கொட்டப் போனேன், இவ விட்டாத்தானே,” என்றார் தவுனோ. “கம்பளத்த விரிச்சுத் தட்டிச் சுத்தம் பண்ற பனியாம், அழுக்காகக் கூடாதாம். வாளியோட விறகுக் கொட்டகைக்குப் பின்னால கிடக்கு.”
அப்படியே உறைந்த வாளி! ஆய்வகக் குளிர்பெட்டியில் வைத்திருந்தாலும் இவ்வளவுதான் கெடாமல் இருந்திருக்கும். தவுனோவைக் கட்டிப்பிடித்தேன். மனிதர் மரம்போல நின்றார்.

ஜனவரி 20
நாள் முழுக்க ஒட்டடையில் கொசு பொறுக்கினேன். சிலந்திக் கால்கள்தான் அதிகம். கிடைத்த கொசுக்களை ஆய்வகத்துக்கு அனுப்பினேன்.

பிப்ரவரி 6
ஆய்வகத்திலிருந்து மர்யுத் கூப்பிட்டாள். “உக்காந்திருக்கியா? இருக்குடி! உன் கிருமி, தூங்குற கொசுவுக்குள்ளயே இருக்கு!”
சமையலறையில் குதித்தேன். மூட்டு வலியாவது ஒன்றாவது! அடுத்த குளிர்காலத்துக்கும் ஆய்வு உண்டாம்.

மார்ச் 2
சில்வியிடம் சொல்லப் போனேன். மகிழ்வாள் என்று நினைத்தேன்.
“இத அச்சுல போடுவியா? என் நிலவறையில கொசு இருந்துச்சுன்னு உலகமே படிக்கும்!”
“பேரு போட மாட்டேன்.”
“ஊருக்குத் தெரியாதாக்கும்.”
மாலையில் கட்டுரையை மர்யுத்துக்கு அனுப்பும் முன் ஒரே ஒரு திருத்தம் செய்தேன். ‘ஒரு நிலவறையில்’ என்று இருந்ததை, ‘மிகச் சுத்தமான ஒரு நிலவறையில்’ என்று மாற்றினேன். எதையும் விடாமல் அடித்துத் திருத்தும் மர்யுத், இரவே திருப்பி அனுப்பினாள்; அதை மட்டும் தொடவில்லை.