மலையை நேராக்கியவள்

தானா ராத்தா டவுன் ஸ்டூடியோவில் இன்று உன் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் போட்டார்கள். கடைக்காரப் பெண் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, "என்னா டீச்சர், படம் செங்கெட்டா இருக்கு?" என்றாள். கோணலுக்கு நாம் சொல்கிற அந்த மலாய் வார்த்தையைக் கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. அதைச் சொல்லித்தானே நீ என்னைத் திட்டித் தீர்ப்பாய்.

நீ ஆஸ்பத்திரியில் தாதி, நான் தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர். கிள்ளானிலிருந்து மாற்றலாகி வந்த எனக்கு உன் வாடகை வீட்டில் ஓர் அறை கிடைத்தது, நீயும் கிடைத்தாய். உனக்கு லீவு என்றால் போதும், என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டத்துக்குப் படம் எடுக்கக் கிளம்பிவிடுவாய். மற்றவர்கள் நேராக நின்று எடுக்கிற இடத்தில் நீ மட்டும் ஓரமாக ஒதுங்கி, தேயிலை வரிசை கீழ் மூலையிலிருந்து மேல் மூலைக்கு ஓடும்படி நிற்பாய். "நேர்கோடு படுத்துத் தூங்கும்டி. சாஞ்ச கோடுதான் நடக்கும், நம்ம கண்ணையும் கூட்டிட்டுப் போகும்" என்பாய். கொழுந்து வெட்டும் மெஷினை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வரும் இருவரை நீ எடுத்த படத்தைப் பார்த்தால், அவர்கள் நம் வீட்டுக் கூடத்துக்கே நடந்து வந்துவிடுவார்கள் போலிருக்கும்.

எனக்கு அது பிடிபடவே இல்லை. சாய்வு வேண்டுமென்றால் போனைச் சாய்த்தால் தீர்ந்தது என்றிருந்தேன். "போனைச் சாய்க்காதடி, நீ நகரு லா!" என்று கத்துவாய். சரிவில் நீ நின்ற அந்தச் சாயங்காலமும் வழக்கம்போல் போனைத் திருப்பித்தான் எடுத்தேன். மலைச்சரிவு தரைபோல மட்டமாகிவிட்டது, நீ சிரித்தபடியே, விழப்போகிறவள்போலச் சாய்ந்து நின்றாய். வாங்கிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "மலையை நேராக்கிட்டு என்னைக் கவுத்துட்டியேடி!"

ஊரையெல்லாம் படம் எடுத்த உனக்கு, நீ சிரிக்கிற படம் அது ஒன்றுதான். கருமாதிக்கு அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கி வைத்தார்கள். அதில் நீ யாரையோ முறைத்துக்கொண்டிருந்தாய். இப்போது தலைத் திவசம் வருகிறது. "சிரிச்ச மாதிரி ஒண்ணு இருந்தா குடும்மா" என்று ஈப்போவிலிருந்து உன் அண்ணன் கேட்டார். இந்த ஒரு வருஷமாக வீட்டில் நான் ஒருத்திதான். பனி இறங்கும் நேரத்தில், பேச்சுக்குரல் கேட்கட்டுமே என்று டிவியைப் போட்டுவிட்டு அடுப்படியில் நிற்கிறேன்.

"திருப்பினா நேராயிடும் டீச்சர்" என்று கடைக்காரப் பெண் படத்தைத் திருப்பினாள். நீ நிமிர்ந்தாய். தேயிலை வரிசை மூலைக்கு மூலை ஓடியது. நீ கத்தியதெல்லாம் அப்போதுதான் புரிந்தது. ஆனால் திருப்பியதில் ஓரங்கள் வெட்டுப்பட்டு, கீழ் மூலையில் செடிகள்மேல் விழுந்திருந்த என் நிழல் போய்விட்டது.

"அந்த நிழல் வேணுமே" என்றேன்.

அவள் தயங்கினாள். "மாலை போடுற படம் டீச்சர். உயிரோட இருக்கிறவங்க நிழல் அதுல இருக்கக்கூடாது. போகட்டும் லா."

நாம் இருவரும் சேர்ந்திருக்கிற படம் வேறு இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்? செல்ஃபி உனக்குப் பிடிக்காது, நம்மைச் சேர்த்து எடுக்கப் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை. "செங்கெட்டாவே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணனுக்குப் படத்தை அனுப்பியதும் கூப்பிட்டார். "ஏம்மா, தங்கச்சி சாஞ்சி நிக்குது?"

"அவ நேராத்தாண்ணே நின்னா. நான்தான் சாஞ்சிட்டேன்."

"மூலையில யாரோட நிழலு?"

"என்னோடது."

"சரிம்மா. மாலையை மேல தூக்கிக் கட்டிக்கிறேன். உன் நிழல் மேல படாது" என்றார்.

"படட்டும்ணே" என்றேன்.

அதில் எனக்குப் பயமில்லை. நீ இல்லாத வீட்டுக்குத் திரும்பிப் போவதுதான் பயமாக இருக்கிறது.