காய்ந்த மண்மேல் கறுப்பு ஷீட்

மகன் வீடு,
ஜனவரி 6

அன்புள்ள நாத்தனாருக்கு,

புது முழங்கால் என்னைவிட ஒழுங்காக நடந்துகொள்கிறது. பிசியோதெரபிக்கு வரும் பெண் என்னைச் 'செல்லம்' என்கிறாள். தாவரவியலில் முதுகலை படித்தவளைக் கொஞ்சினால்தான் கால் மடங்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

குடைமிளகாய் நாற்று பதினான்காம் தேதி வரும். இந்தக் குளிரில் வெறும் மண்ணில் நட்டால் வேர் அசையாது; பாத்திகளுக்குக் கறுப்பு பிளாஸ்டிக் மல்ச்சிங் ஷீட் போர்த்தியாக வேண்டும். நான் எழுதுவதை மட்டும் செய். மண்கட்டிகளை உடைத்துப் பாத்தியைச் சமமாக்கு. பத்தாம் தேதி ஷீட்டை விரித்து ஓரங்களை மண்ணில் புதை. ஒன்றரை அடிக்கு ஒரு துளை போடு. நாற்று வந்த அன்றே நட்டுவிட்டு, தினமும் துளைக்கு ஒரு குவளைத் தண்ணீர் ஊற்று. நடுவே உன் யோசனை எதையும் நுழைக்காதே. போன வருஷம் நீ யோசித்ததில்தான் முட்டைக்கோஸ் முழுவதும் அழுகியது.

உன் அண்ணி


மகன் வீடு,
ஜனவரி 29

நாத்தனாருக்கு,

பக்கத்துத் தோட்டக்காரர் போன் செய்தார். இருநூற்று நாற்பது நாற்றில் முப்பதுகூடத் தேறாதாம். ஷீட்டைத் தூக்கிப் பார்த்தாராம். அடியில் மண் மாவாகக் கிடக்கிறதாம்.

காய்ந்த மண்ணை யாராவது போர்த்துவார்களா? ஈர மண்தான் பகல் சூட்டை உள்ளே வாங்கும். மூடிய பிறகு மழையே பெய்தாலும் அடியில் ஒழுங்காக இறங்காது; துளையில் ஊற்றும் ஒரு குவளையைச் சுற்றியுள்ள காய்ந்த மண்ணே குடித்துவிடும். இதைத் தெரிந்துகொள்ளப் பல்கலைக்கழகம் போக வேண்டியதில்லை. கண் இருந்தால் போதும்.

உன் அண்ணன் போன பிறகு, இருவரும் சேர்ந்தே தோட்டத்தைப் பார்ப்போம் என்று சொன்னது நான்தான். அப்படிச் சொன்ன வாயை இப்போது அடித்துக்கொள்கிறேன். அடுத்த மாதம் ஓர் ஆளை வைக்கப்போகிறேன். நீ உன் மகள் வீட்டுக்குப் போய் இருக்கலாம்.

அண்ணி


தோட்டத்து வீடு,
பிப்ரவரி 3

அண்ணிக்கு,

'முட்டாள்' என்ற சொல்லை மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள். அந்த மரியாதைக்கு நன்றி.

உங்கள் ஆறாம் தேதிக் கடிதத்தைச் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். ஷீட் போடுமுன் தண்ணீர் பாய்ச்சு என்று அதில் எங்கும் இல்லை. மறுமுனையைப் பிடிக்க வந்த பக்கத்துத் தோட்டக்காரரே கேட்டார்: "என்னம்மா, தண்ணி விடாமலா மூடுறீங்க?"

"புரொபசரம்மா உத்தரவுங்க. யோசிக்க எனக்கு அனுமதி இல்ல."

"அப்ப செடிகிட்டயும் சொல்லிடுங்க, யோசிக்காம சாகச் சொல்லி."

ஆமாம், எனக்குத் தெரியும். மண்ணைக் கையில் பிடித்தபோதே தெரிந்தது. இருபத்தாறு வருஷமாக நீங்கள் சொல்கிறீர்கள், நான் குனிகிறேன். ஒரே ஒரு தடவை, உங்கள் பேச்சை ஓர் எழுத்துகூட மாற்றாமல் கேட்டால் என்ன விளையும் என்று உங்களுக்குக் காட்ட நினைத்தேன். காட்டிவிட்டேன். ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. துளைக்குத் துளை தலை தொங்கிக் கிடப்பதைப் பார்த்த அன்று எனக்குக் காபிகூட இறங்கவில்லை.

முட்டைக்கோஸ் அழுகியது மழையால். அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆள் வருகிற தேதியை எழுதுங்கள். பெட்டியைக் கட்டிவிடுகிறேன்.

நாத்தனார்


மகன் வீடு,
பிப்ரவரி 7

நாத்தனாருக்கு,

நனைக்கச் சொல்லி எழுதாதது என் பிழை. இந்த ஒரு வரிக்காக நான்கு தாள் கிழித்தேன். "அம்மா, பிரஷர் ஏறுது, பேனாவ கீழ வைங்க" என்று மகன் கத்துகிறான். முட்டைக்கோஸைப் பற்றிச் சொன்னதில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் உன் குற்றம் என்னுடையதைவிடப் பெரிது. நான் மறந்தேன், நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். என்மேல் கோபம் என்றால் என் கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டிருக்கலாம், வாய்க்கு வந்தபடி திட்டி எழுதியிருக்கலாம். குடைமிளகாய் உன்னை என்ன செய்தது? இதை நான் மன்னிப்பதாக இல்லை.

ஆள் வைக்கவில்லை. வருகிறவனும் என் பேச்சை உன்னைப்போலவே அப்படியே கேட்டுவைத்தால் என் கதி என்ன என்று யோசித்தேன். நீ பெட்டியைக் கட்ட வேண்டாம்.

பதினெட்டாம் தேதிக்கு வேறு நாற்று சொல்லியிருக்கிறேன். பழைய ஷீட்டை ஒரு துண்டுகூட மண்ணில் தங்காமல் சுருட்டி எடு. பக்கத்துத் தோட்டக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டதாம். புது ஷீட்டை நீ தனியாக இறுக்கி இழுக்க முடியாது. வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு வாக்கரோடு வருகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முனையை நான் பிடிக்கிறேன். மறுமுனையை நீ பிடி. பேச்சு எதுவும் வேண்டாம்.

அண்ணி


தோட்டத்து வீடு,
பிப்ரவரி 10

அண்ணிக்கு,

வியாழக்கிழமை வேண்டாம். நேற்றுத்தான் தண்ணீர் விட ஆரம்பித்தேன். கடைசி இரண்டு பாத்தி இன்னும் உள்ளே ஊறவில்லை. சனிக்கிழமை வாருங்கள். அதுவும் எட்டு மணிக்கு இல்லை, பத்துக்கு மேல். வெயிலில் இளகிய பிறகு இழுத்தால்தான் ஷீட் இறுக்கமாக நிற்கும்.

முன்னாலேயே வந்து நின்றால் கதவைத் திறக்க மாட்டேன்.

நாத்தனார்