கோமாளியின் மச்சான்

மச்சான்,

உன் குல்லா என் மேசைமேல் கிடக்கிறது. எங்கே வைப்பது என்று தெரியாமல் மூன்று நாளாக அதை இடம் மாற்றிக்கொண்டே இருக்கிறேன். அலமாரிக்குள் பூட்டினேன், மனம் கேட்கவில்லை. ஆணியில் மாட்டினேன், போகும்போதும் வரும்போதும் கண்ணில் பட்டுத் தொலைத்தது. கொழுந்து பறிக்கும்போது உன் அம்மா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை வெட்டித் தைத்த குல்லா அல்லவா? எத்தனை முறை அலசினாலும் தேயிலைச் சாயத்தின் வாசம் போகவில்லை. அதற்குமேல் தேங்காயெண்ணெய், பீடி, முகத்தில் பூசும் வெள்ளை. கதவைத் திறந்தால் நீ உள்ளே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

பதுளை வீட்டில் இந்நேரம் எல்லாரும் மத்தியானத் தூக்கத்தில் இருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உன்னை முதலில் குல்லாவோடு பார்த்தது சிவன் மன்மதனை எரிக்கும் நம் தோட்டத்துக் காமன் கூத்தில். எல்லாரும் மன்மதன் வேசத்துக்கும் ரதி வேசத்துக்கும் அடித்துக்கொண்டபோது, "எனக்குக் கோமாளி போதும். அவனத்தான் யாரும் எரிக்க மாட்டாங்க" என்றாய். மாசி வந்தால் தொழிலாளர் வரிசை வீடுகளை லயம் லயமாகச் சுற்றி வருவாய். தப்புப் பறை அடிக்கிறவர் அடியை நிறுத்திவிட்டுக் கேட்பார்: "ஏ கோமாளி, ஒனக்கு இங்க யாரத் தெரியும்?" நீ கூட்டத்தில் ஒருவரைக் காட்டி, இன்ன சொந்தம் என்று சொல்லுவாய். நீ காட்டியவர் மறுக்கக்கூடாது. "ஆமாங்க, நம்ம ஆளுதான்" என்று சொல்லி, உன் பையில் ஒரு கைப்பிடி அரிசி போடவேண்டும். கோமாளியின் சொந்தத்தை மறுத்தால் காமனையே மறுத்த மாதிரி. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நம்மை நாய் மாதிரி விரட்டிய கங்காணியை நீ "என் மாமியார்" என்று காட்டினாய். அவரும் முறைத்துக்கொண்டே அரிசி போட்டார். ஒருமுறை தோட்ட மேனேஜர் பெரியதுரையையே உன் சின்னம்மா மகன் என்றாய். யாரோ அதைச் சிங்களத்தில் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டு "ஓவ், ஓவ்" என்று ஆமாம் போட்டார். அன்று முழுக்கத் தோட்டமே துரையின் சொந்தக்காரர்களாக நடந்தது.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு இலக்கியம் படிப்பித்தேன். கோமாளியைப் பற்றி நான் நடத்திய பாடத்தைக் கேட்டிருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பழைய நாடகங்களில் அரசனுக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டு ராமன் இருப்பான், அரசனின் காதலைக் கேலி செய்வான் என்பேன். மந்திரி வாய் திறக்கப் பயப்படும் இடத்தில் கோமாளி மட்டும் உண்மையைச் சொல்லுவான், அவனைத் தண்டித்தால் தண்டித்தவன்தான் முட்டாள் ஆவான் என்பேன். பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பரீட்சையில் அதற்கு நல்ல புள்ளியும் கிடைக்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் எனக்கு முதுகில் வேர்க்கும். ஏன் என்று உனக்குத் தெரியும்.

பசறைப் பள்ளிக்கூடத்தில் நான் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. சொந்த ஊர் எது என்று கேட்டவர்களிடம் பதுளை டவுன் என்று சொல்லியிருந்தேன். அப்பாவுக்கு அங்கே கடை இருந்தது என்றும் அளந்திருந்தேன். லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் வளர்ந்த பையன் என்று தெரிந்தால் மதிக்கமாட்டார்கள் என்ற பயம். அன்றைக்குக் கடைவீதியில் பள்ளிக்கூட அதிபரோடும் இரண்டு ஆசிரியர்களோடும் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தேன். தப்புச் சத்தம் கேட்டது. கடைகளில் அரிசி வாங்க நம் தோட்டத்துக் கூத்துக்காரர்கள் பஸ் பிடித்துப் பசறை டவுன் வரைக்கும் வந்திருந்தார்கள்.

தப்பு நின்றது. "ஒனக்கு இங்க யாரத் தெரியும்?"

நீ என்னைப் பார்த்துவிட்டாய். அந்த வெள்ளைப் பூச்சுக்குள் உன் முகம் மலர்ந்தது இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. "அந்தா, வெள்ளச் சட்ட! அவரு என் மச்சான்! ஒரே லயம், அடுத்த காம்பரா!" என்று கத்தினாய். இல்லாத சொந்தமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாயில் அன்றைக்கு நிஜம் வந்தது. கடைவீதியே சிரித்தது.

அதிபர் என் பக்கம் திரும்பி, "சேர், தெரிஞ்ச ஆளா?" என்றார்.

"தெரியாதுங்க சேர். யாரோ" என்றேன்.

உனக்கும் கேட்டது. நீ மறுபடி ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தால் போதும், நான் அங்கேயே நாறியிருப்பேன். நீ தலையில் அடித்துக்கொண்டாய். "ஐயையோ, ஆள் மாறிப்போச்சுங்க! ஐயா யாரு? பெரிய எடத்து ஆளு மாதிரி இருக்கு!" என்று நீட்டி ஒரு கும்பிடு போட்டு, அப்படியே மல்லாக்க விழுந்தாய். பிறகு எழுந்து பஸ் நிறுத்தத்தில் படுத்திருந்த நாயைக் கட்டிக்கொண்டு, "இவருதாங்க என் மச்சான்" என்றாய். எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நாய் ஒன்றும் சொல்லாமல் இருந்தது.

புத்தகத்துக் கோமாளி அரசனின் பொய்யை உடைப்பான். நீ என் பொய்யைக் காப்பாற்றினாய். இதை எந்த வகுப்பிலும் நான் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நீ ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. என் கல்யாணத்தில் பந்தி பரிமாறினாய். பொங்கலுக்கு நான் வந்தால் "வாங்க வாத்தியாரே" என்று இஸ்தோப்புத் திண்ணையில் பாய் விரித்தாய். ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடவேண்டும் என்று நினைத்து வருவேன், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவேன். கடைசியாக ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், அன்னைக்குப் பசறையில..." என்று ஆரம்பித்தேன். "மூஞ்சிய அப்படி வச்சுக்காத வாத்தியாரே, சிரிப்பு வருது. சிரிச்சா இருமல் வருது" என்றாய். அதோடு நர்ஸ் வந்துவிட்டார். செத்த வீட்டில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். கோமாளியின் பெருமையைப் பற்றி அரைமணி நேரம் வெளுத்துக் கட்டினேன். எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு என்னைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

இந்த மாசியில் தப்புக்காரர் இந்தக் குல்லாவோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணி குடுத்துவிட்டாங்க. இந்த வருசம் வாத்தியார்தான் போடணுமாம். வேற யாருக்கும் தரமாட்டேன்னு நிக்கிறாங்க" என்றார். பென்சன் எடுத்த வயதில் எனக்கு இது தேவையா என்று வீட்டில் கேட்டார்கள். பழைய மாணவர்கள் பார்ப்பார்களே என்று எனக்கும் உதறல்தான். ஆனால் உன் மனைவி கேட்டதை மறுக்கிற தைரியம் எனக்கு இல்லை.

போட்டுக்கொண்டேன், மச்சான். குல்லா எனக்குக் கொஞ்சம் பெரிசு, காதுவரை இறங்கியது. சாயங்காலம் லயங்களைச் சுற்றினோம். எல்லா வசனமும் ஞாபகம் இருந்தது. ஆனால் நீ விழுகிற மாதிரி விழ வரவில்லை, முழங்கால் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் அதற்கும் சிரித்தார்கள். கடைசியில் உன் வீட்டு இஸ்தோப்புக்கு முன்னால் வந்தோம். உன் மனைவி கையில் அரிசிச் சுளகோடு நின்றாள்.

தப்பு நின்றது. "ஏ கோமாளி, ஒனக்கு இங்க யாரத் தெரியும்?"

"அந்தா நிக்கிறாங்களே, அவங்க என் தங்கச்சி!" என்று காட்டினேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "ஐயா யாரு? பெரிய எடத்து ஆளு மாதிரி இருக்கு" என்றாள்.

அவளிடம் நீ சொல்லியிருக்கிறாய். இத்தனை வருடம் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தவளுக்கு எல்லாம் தெரிந்தே இருந்திருக்கிறது. கூட்டம் புது வசனம் என்று நினைத்துச் சிரித்தது. நான் வசனத்தை விட்டேன். நின்ற இடத்திலேயே சொன்னேன்: "தங்கச்சி, அன்னைக்குப் பசறையில நான் பொய் சொன்னேன். எனக்கு அவனத் தெரியும். நான் அடுத்த காம்பராதான்."

கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. என் பழைய மாணவன் ஒருவன் விசில் அடித்தான். என் வாழ்க்கையில் நான் சபையில் பேசிய ஒரே உண்மை அது, ஒருவரும் நம்பவில்லை. அவள் மட்டும் சிரிக்கவில்லை. சுளகிலிருந்து ஒரு கைப்பிடி அரிசி அள்ளி என் பையில் போட்டாள். "ஆமாங்க, நம்ம ஆளுதான்" என்றாள்.

அவள் அதை வழக்கத்துக்காகச் சொன்னாளா, எனக்காகச் சொன்னாளா? கோமாளி காட்டினால் மறுக்கக்கூடாதே. மூன்று நாளாக இதைத்தான் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறேன். போய்க் கேட்கலாம், கேட்கமாட்டேன். அந்த அரிசியையும் இன்னும் உலையில் போடவில்லை.

அன்று திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் என் காதோரம் ஒட்டியிருந்த வெள்ளையைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருங்க ஐயா?" என்று கேட்டார்.

"தெமோதரைப் பக்கம் தோட்டம்ங்க. கோமாளி வீட்டுக்கு அடுத்த காம்பரா" என்றேன்.