நல்ல சாவு தெரிந்த செல்கள்

அன்புள்ள அப்பாவுக்கு,

வயிறு இந்த வாரம் எப்படி இருக்கிறது? அம்மாவின் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், நம்புங்கள்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. ஆய்வகத்தில் கிண்ணத்தில் குடல் செல்களை வளர்த்து, உங்களுக்கு இருப்பது போன்ற அழற்சியை உண்டாக்கியிருந்தோம். ஒரு செல்லும் சாகக் கூடாதென்று சாவைத் தடுக்கும் மருந்தைத் தாராளமாக விட்டேன். உங்கள் பெண் எமனையே வழிமறிக்கப் பார்த்தாள். மறுநாள் முன்பைவிட அதிகமாகச் செத்துக் கிடந்தன. எங்கள் மேடம் சிரித்துவிட்டார்.

"குடல்ல தினமும் செல்லுங்க சாகத்தான் செய்யும்மா. சத்தமில்லாம போனா அது நல்ல சாவு. நீ அந்த வழிய அடைச்சிட்ட. அதுங்க வெடிச்சுச் செத்து அக்கம்பக்கத்தையும் புண்ணாக்கிடுச்சு."

வெடிப்பைத் தடுக்கும் மருந்தையும் சேர்த்து மறுபடி செய்தேன். இன்று காலை செல்கள் கைகோத்தபடி அப்படியே நிற்கின்றன! கிண்ணத்தில்தான் அப்பா, மாத்திரையாக வர வருடங்கள் ஆகும். டாக்டர் கொடுத்ததை நிறுத்திவிடாதீர்கள்.

எத்தனை தடவை கழிவறை போனீர்கள் என்று காலண்டரில் கோடு போடுவீர்களே, அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். போனில் கேட்டால் "பரவாயில்லம்மா" என்றுதான் சொல்வீர்கள்.

கருவி மணியடிக்கிறது, ஓடுகிறேன். தாளை நீங்களே பிடித்துக்கொள்ளுங்கள், அம்மா படம் எடுக்கட்டும். உங்கள் விரல்களைப் பார்த்துப் பத்து மாதமாகிறது.

உங்கள் மூத்தவள்