முகத்துவாரக் கட்டுரையில் இல்லாத பெயர்

எல்லப்பா,

கடல் தாண்டி, டச்சுக்காரர்களின் தலைநகரான பத்தாவியாவிலிருந்து கற்றோர் சங்கத்தின் பதில் இன்று காலை வந்தது. அரக்கு முத்திரையை உடைத்தபோது எழுந்த வாசனை இன்னும் விரலில் இருக்கிறது. கடிதத்தில் ஆறே வரிகள். உன் பெயர் ஓரிடத்திலும் இல்லை.

அந்த மூன்று வருடங்களை நினைத்துப் பார்க்கிறேன். ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்தில் நீ பனங்கழி நட்டு, அதில் கோடு வெட்டி, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்தாய். உனக்கு எழுதத் தெரியாது. டச்சுக் கோட்டையில் மொழிபெயர்ப்பு வேலை பார்த்த நான் வாரந்தோறும் வந்து, நீ சொன்னதை எழுதிக்கொண்டேன். கப்பல் சரக்கைப் படகில் ஏற்றி அந்த மணல்திட்டுகளைத் தாண்டுவதுதான் உன் பிழைப்பு. ஆழம் எங்கே என்று உன்னைவிட யாருக்குத் தெரியும்?

"மழ முடிஞ்சா மணல் எடம் மாறும். வழி வடக்கால போயிடும். அத மொதல்ல எழுது" என்று சொன்னாய். எழுதினேன். உன் பெயரையும் எழுதினேன்.

சங்கத்தில் உறுப்பினராக இருந்த கோட்டைத் துரை அதைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"படகோட்டி அளந்தது என்றால் சங்கத்தில் யார் படிப்பார்கள்? மாறும், மாறும் என்று எழுதினால் அதில் கண்டுபிடிப்பு எங்கே இருக்கிறது? இரண்டையும் அடித்துவிடு" என்றார்.

அடித்தேன். இந்தக் கைதான் அடித்தது. உன்னிடம் அதை நான் சொல்லவே இல்லை.

கட்டுரை துரையின் பெயரில் அச்சானது. கூடவே ஒரு வரைபடம். அதில் ஆழமான வழி, என்றைக்கும் அங்கேயே கிடப்பதுபோல ஒரே கோடாக இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்து வந்த கப்பலின் இளம் அதிகாரி அந்தப் படத்தோடுதான் கரைக்கு வந்தான். உன் படகில் சரக்கை ஏற்றிக்கொண்டு படத்தில் உள்ள வழியாகவே போகவேண்டும் என்றான்.

"படம் பழசுங்க. அங்க மணல் வந்துட்டுது. வடக்கால போவணும்" என்றாய். நான் மொழிபெயர்த்தேன்.

"இது கற்றோர் சங்கம் பார்த்து ஒப்புக்கொண்ட படம். இவன் எந்தச் சங்கம்?" என்று கேட்டான்.

வேறு வழியில்லாமல் அவன் காட்டிய பக்கமே படகை விட்டாய். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டில் படகின் அடி தட்டியது. அடுத்த அலை அதைப் புரட்டிப் போட்டது. இரண்டு மாலுமிகளை நீ இழுத்து வந்து மணலில் போட்டாய். மூன்றாவது ஆளுக்காகத் திரும்பிப் போனாய். அந்த அதிகாரி நீந்திக் கரையேறிவிட்டான். நீ வரவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கோட்டை வேலையை விட்டேன். நடந்ததையெல்லாம், என் தப்பையும் சேர்த்து, டச்சு மொழியில் சங்கத்துக்கு எழுதினேன். ஒருவர் செய்த பிழையைப் பலர் கூடிப் பார்த்துத் திருத்துவதற்குத்தானே சங்கம் என்று நம்பினேன், எல்லப்பா. ஒன்றரை வருடம் கழித்து இன்று பதில். உறுப்பினர் அல்லாதவரின் திருத்தத்தை ஏற்பதில்லையாம். எழுத்தறியாதவன் எடுத்த அளவை ஆராய வழியில்லையாம்.

அதே அளவுதானே? துரை பெயரில் போனபோது மட்டும் ஆராய வழி இருந்ததா?

குப்பத்துக்குப் போய் உன் மனைவி முனியம்மாவிடம் தமிழில் படித்துக் காட்டினேன். வலையைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவுங்கள்ல ஒர்த்தராவது இங்க வந்து தண்ணிய பாத்தாங்களா?"

"இல்லம்மா."

"அப்பறம் இன்னாத்த படிச்சவங்க? அத மடிச்சி வெய்யி. அமாவாச வருது, நமக்கு வேல கெடக்குது."

நீ போன பிறகு கழியை அவள்தான் பார்க்கிறாள். அவள் சொல்கிறாள், நான் எழுதுகிறேன். மேலே உன் பெயர், அடுத்து அவள் பெயர். மணல் மாறும்போதெல்லாம் புதிதாகப் படம் வரைந்து, நங்கூரமிடும் ஒவ்வொரு கப்பலுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். பலர் வாங்குவதில்லை.

போன வாரம் ஒரு கப்பல் தலைவர் வாங்கிப் படித்தார். படகை வடக்கே திருப்பச் சொன்னார். அதில் இருந்த பன்னிரண்டு பேரும் கால்கூட நனையாமல் கரையேறினார்கள். முனியம்மா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. இதையேதான் நீ இதே கரையில் நின்று, உயிரோடு, வாய் திறந்து சொன்னாய் என்ற ஆத்திரந்தான் வந்தது. அது ஆறவில்லை. அதை வைத்துக்கொண்டுதான் அடுத்த படத்தை வரைகிறேன்.